எந்தக் கை தொடலாம்? ஆஸ்பத்திரியும் சாதியும் பற்றிச் சில குறிப்புகள்

சென்னைத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு நிமிஷம் யோசிப்பார். 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். 1948இல் பெயர் மாறிய பிறகும் சனங்களின் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பழைய பெயரிலும் பாதிதான் நிற்கிறது. 1885இல் அது தொடங்கப்பட்டபோது ஆங்கிலத்தில் வைக்கப்பட்ட பெயரைத் தமிழில் சொன்னால், 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை' என்று வரும். கோஷா என்ற சொல் தங்கிவிட்டது. சாதி என்ற சொல் உதிர்ந்துவிட்டது. பெயரிலிருந்து உதிர்ந்தது வார்டிலிருந்தும் உதிர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

'சாதிப் பெண்கள்' யார்? அன்றைய வெள்ளைக்கார நிர்வாகத்தின் பேச்சில் 'சாதியுள்ளவர்' என்றால் சாதி இந்து. நாமெல்லாம் சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், பஞ்சமர்கள். சென்னையில் அதற்கு முன் பிரசவ ஆஸ்பத்திரியே இல்லையா என்றால், இருந்தது. எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844இலேயே வந்துவிட்டது. அங்கே யாரும் போகலாம். யாரும் போகலாம் என்பதுதான் பிரச்சினையே. பறைச்சேரிப் பெண் படுத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் சாதி இந்துப் பெண் படுக்க மாட்டாள். அவள் படுக்க நினைத்தாலும் வீட்டு ஆண்கள் விடமாட்டார்கள்.

புதிய ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது உள்ளே போன நால்வரில் ஒருவர். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்பதற்காகவே வீட்டுக்குள் செத்துப்போன பெண்களைப் பார்த்துத்தான் அவர் மருத்துவம் படிக்க வந்தார். அந்த அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனால் அதன் பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பெண் தன் உடம்பை ஆண் பார்க்க வேண்டாம் என்று கேட்கிறாள். அதை நிறைவேற்ற ஒரு பெண் டாக்டரை வைத்தால் போதும். அதனால் யாரும் கீழே இறக்கப்படுவதில்லை. இன்னொரு பெண், என்னைச் சேரிக்காரி தொட வேண்டாம், அவள் பக்கத்தில் படுக்க வேண்டாம் என்கிறாள். யாரையாவது கீழே தள்ளாமல் இந்தக் கோரிக்கையை நிறைவேற்றவே முடியாது. முதலாவது வெட்கம் சம்பந்தப்பட்டது, இரண்டாவது அதிகாரம் சம்பந்தப்பட்டது. 1885இல் இரண்டையும் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். வெங்கடகிரி ராஜா பணம் கொடுத்தார், மகாராணி பெயர் கொடுத்தார், அரசாங்கம் ஆதரவு கொடுத்தது. நோயாளியின் சாதி அபிமானத்தை 'நோயாளியின் சௌகரியம்' என்று ஏற்றுக்கொள்வது அப்படித்தான் நிர்வாக வழக்கமாயிற்று.

இதற்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. வைத்தியம் என்ற தொழிலையே தீட்டாகப் பார்த்த சமூகம் இது. மனுதர்ம சாஸ்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் வைத்தியனைச் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்கள் பட்டியலில் வைக்கிறது. நான்காம் அத்தியாயம் அவன் கொடுக்கிற சோற்றைத் தின்னக் கூடாது என்கிறது. எல்லா உடம்பையும் தொடுகிறவன், ரத்தமும் சீழும் பார்க்கிறவன், ஆள் பார்த்து ஒதுங்காதவன் என்பதுதான் அவன் மேல் குற்றம். பழங்கால மருத்துவத்துக்கும் வைதீகத்துக்கும் இருந்த இந்தப் பகையை தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977இல் வெளியான தன் நூலில் விரிவாக விவாதித்திருக்கிறார்.

தமிழ் நாட்டிலும் அப்படித்தான். கட்டி அறுத்தவர், காயம் கட்டியவர் அம்பட்டர் என்று ஒதுக்கப்பட்ட மருத்துவர் சாதியார். பிரசவம் பார்த்தது அந்த வீட்டு மருத்துவச்சி. வடக்கே பல ஊர்களில் தொப்புள்கொடி அறுக்கிற தாய், நம்மைப் போன்ற தீண்டப்படாத சாதிப் பெண். ஊரில் பிறந்த அத்தனை சாதிக் குழந்தையும் முதலில் அந்தக் கையில்தான் விழுந்தது. அதற்கு யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. வேலை முடிந்ததும் அந்தக் கைக்குக் கொல்லைப்புறமாக நெல் அளந்து போட்டார்கள்.

இங்கேதான் விஷயம் பிடிபடுகிறது. தீண்டாமை என்றால் தொடுவதையே மறுப்பது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் அந்தக் கணக்கு உதைக்கிறது. நோயாளியின் மலத்தை எடுக்கிற கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பெட்பேன் வைக்கிற ஆயாம்மா, தரையைத் துடைக்கிற தொழிலாளி, பிணத்தைத் தள்ளிக்கொண்டு போகிற ஆள், இவர்களின் ஊர் பெயரை ஒருத்தரும் விசாரிப்பதில்லை. அது யாரென்று எல்லோருக்கும் தெரியும். அது அவர்கள் வேலை என்றும் எல்லோருக்கும் தெரியும். அதே கை ஊசியைப் பிடிக்கும்போது, நாடி பார்க்கும்போது, மாத்திரை கொடுக்கும்போது, 'அசையாமல் படு' என்று சொல்லும்போதுதான் கேள்வி வருகிறது. குனிந்து தொட்டால் சேவை என்கிறார்கள். நிமிர்ந்து தொட்டால் தீட்டு என்கிறார்கள்.

அம்மை குத்திய கதையைப் பாருங்கள். 1802 ஜூன் 14ஆம் தேதி பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இந்தியாவின் முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது. குளிர்பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். கையிலிருந்து கைக்கு ஏறியே அது ஊர் ஊராகப் போனது. எடுப்பதற்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகளின், கீழ்சாதிக் குழந்தைகளின் கை. மேல்சாதியார் முரண்டு பிடித்தார்கள். பறைக் குழந்தையின் உடம்பு நீர் எங்கள் பிள்ளைக்குள் போவதா என்றார்கள். கொள்ளை கொள்ளையாய் உயிரைக் குடித்த நோய்க்கு முன்னாலும் சாதி கணக்குப் பார்த்தது.

அந்த நூற்றாண்டின் கடைசியில் பிளேக் வந்தது. பம்பாயில் பிளேக் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்த மேல்சாதியாரை வழிக்குக் கொண்டுவர, சாதிக்கொரு ஆஸ்பத்திரி, மதத்துக்கொரு ஆஸ்பத்திரி நடத்த வெள்ளைக்கார அரசு அனுமதி கொடுத்தது. அதே காலத்தில் புனே பக்கம் சாவித்திரிபாய் பூலே தன் வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தோடு சேர்ந்து பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடத்தினார். மகர் சாதிச் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்ததில் நோய் தொற்றி 1897 மார்ச் 10ஆம் தேதி இறந்துபோனார். நோய்க்கு முன்னால் இரண்டு வழியும் இருந்தன. அரசாங்கம் சாதியோடு சமரசம் செய்துகொண்ட வழியைத்தான் எடுத்தது.

பொது ஆஸ்பத்திரிகளும் அதே வழியில்தான் போயின. சாதி இந்துக்களுக்குத் தனி வார்டு, தனிச் சமையல், பார்ப்பனச் சமையற்காரர். கூட்டுவதற்கும் அள்ளுவதற்கும் நம்ம சனம். அடுப்பங்கரையில் பூணூல், கக்கூசில் துடைப்பம் என்று சாதி அடுக்கு அப்படியே அரசு சம்பளப் பட்டியலாக மாறியது.

நர்ஸ் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது. மலமும் ரத்தமும் தொடுகிற வேலை என்பதால் சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அதற்கு அனுப்பவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும்தான் வெகுகாலம் அந்த வேலையைச் சுமந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்றவர்களில் மதம் மாறிய நம் குடும்பத்துப் பெண்களும் உண்டு. 1946இல் போர் குழு அறிக்கை கொடுத்தபோது இந்தத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற நிலைமை இருந்தது. இத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்தான் என்று ஆனதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. தொடுவதற்கே தீட்டுப் பார்த்த சமூகம் கொடுத்த விலையும் அதில் இருக்கிறது.

என் சின்னம்மா அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வடமாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்ததை எனக்குச் சொன்னார். அவர் பேச்சிலேயே தருகிறேன்.

"ராத்திரி பூரா அந்தப் பொண்ணு வாந்தி எடுத்துது. நாந்தான் அள்ளுனேன். துணி மாத்துனேன், ஒடம்பு தொடச்சி வுட்டேன். அப்ப அந்த மாமியாக்காரி ஒண்ணும் கேக்கல. 'நல்லா இரு தாயி'ன்னு கூடச் சொன்னா. காலையில ஊசி எடுத்துக்கினு போறேன், 'ஏம்மா உனக்கு எந்த ஊரு'ன்னா. சொன்னேன். 'ஊரா, காலனியா'ன்னா. 'காலனிதான்'னேன். மருமவ கையப் புடிச்சி இழுத்துக்கினா. 'வேற யாராச்சும் வந்து போடட்டும்'னா. ஹெட் நர்ஸ்கிட்டப் போனேன். 'வயசானவங்க, வுடு. நீ அந்தப் பக்கத்து வார்டப் பாத்துக்க, எதுக்கு வம்பு'ன்னாங்க. அவங்க என்னத் திட்டல. அன்பாத்தான் சொன்னாங்க. அதான் இன்னும் தாங்கல. அடுத்த மாசம் டூட்டி லிஸ்ட்டுல பாக்கறேன், பிரசவ வார்டுல எம் பேரு இல்ல."

இதில் யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. கைநீட்டி அடிக்கவில்லை. எந்த நோட்டிலும் ஒரு வரி பதிவாகவில்லை. ஒரு பேனா ஒரு பெயரை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றி எழுதியது, அவ்வளவுதான். 1885இல் பெயர்ப் பலகையில் எழுதி மாட்டியதை இப்போது டூட்டி லிஸ்ட்டில் சத்தமில்லாமல் எழுதுகிறார்கள். ஆவணம் தேடுகிற வரலாற்றாசிரியருக்கு இது அகப்படாது. சின்னம்மாவைப் போன்றவர்கள் வாய் திறந்து சொன்னால்தான் இந்த வரலாறு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு கொடுமையை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1929இல் காந்தியின் யங் இந்தியா பத்திரிகையில் வெளியான கடிதம் அது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயில் கிடக்கிறாள். இந்து டாக்டர் அவளைத் தொட மறுக்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைக்கிறான். அந்தப் பெண் இறந்துபோனாள். நம் சட்டத்தின் மனதில் இருக்கிற காட்சி இதுதான்: தொட மறுக்கிற டாக்டர், கைவிடப்படும் தலித் நோயாளி. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் ஐந்தாம் பிரிவு ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதைத் தண்டிக்கிறது. ஆறாம் பிரிவு பொருளோ சேவையோ தர மறுப்பதைத் தண்டிக்கிறது. தர மறுக்கிறவன் பிடிபடுகிறான். நம் கையிலிருந்து வாங்க மறுக்கிறவனை அந்தப் பிரிவுகள் கண்டுகொள்ளவில்லை. சட்டம் எழுதியவர்களின் கற்பனையில் நாம் நோயாளியாக வந்தோம். நர்ஸாகவும் டாக்டராகவும் நாம் வந்து நிற்போம் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொது இடத்தில் சாதியைச் சொல்லி அவமதித்தால் வழக்கு உண்டு. ஆனால் 'வேற சிஸ்டர் வரட்டும்' என்று மெதுவாகச் சொல்பவளையும், அதைக் கேட்டு டூட்டி லிஸ்ட்டைத் திருத்துகிற அதிகாரியையும் எந்தப் பிரிவில் கொண்டுவருவது? 2008இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகச் சட்டம் வந்தது. அதுவும் அடிதடிக்கும் சேதத்துக்கும்தான். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கும்பல் கல்லெறிந்தது. நாடு முழுக்க மருத்துவ ஊழியர்களுக்கு எதிராக இப்படி நடக்கவே, அந்த மாதம் 22ஆம் தேதியே மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மனசு வைத்தால் சட்டம் சில நாளில் வரும் என்று தெரிகிறது. அதற்கடுத்த மாதமே உத்தரகண்டின் நைனிடால் மாவட்டத்தில், தனிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் தலித் பெண் சமைத்த சோற்றைத் தொட மறுத்த செய்தி வந்தது. அதற்கு அவசரச் சட்டம் எதுவும் வரவில்லை.

இந்த இடத்தில் கறுப்பின மக்களின் அனுபவம் நமக்கு உதவும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் 1941இல் வெறும் 56 கறுப்பின நர்சுகளைத்தான் சேர்த்துக்கொள்வதாகக் கணக்கு வைத்தது. வெள்ளைச் சிப்பாயின் காயத்தைக் கறுப்புக் கை கட்டக் கூடாது என்பதால், அவர்களில் பலரைச் சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மன் கைதிகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பியது. எதிரி நாட்டுக்காரனைத் தொடலாம், சொந்த நாட்டுக்காரனைத் தொடக் கூடாது! மேபல் ஸ்டாப்பர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ் தலைவி வருஷக்கணக்காகப் போராடியதில் 1945இல் அந்த ஒதுக்கல் கணக்கு ஒழிந்தது.

ஆனால் நோயாளி விடவில்லை. இண்டியானா மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் கறுப்பு உதவியாளர் வேண்டாம் என்றார். நிர்வாகம் அதை அப்படியே வேலைத்தாளில் எழுதி ஊழியர்களிடம் கொடுத்தது. ஒரு கறுப்பின உதவியாளர் நீதிமன்றம் போனார். நோயாளியின் உரிமையை மதிக்க வேண்டியது எங்கள் கடமை என்று நிர்வாகம் வாதாடியது. 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நோயாளிக்கு ஆயிரம் விருப்பம் இருக்கலாம், அந்த விருப்பத்தை எடுத்துத் தன் ஊழியரின் வேலை உத்தரவாக மாற்றுகிற முதலாளி இனப் பாகுபாடு செய்கிறான் என்பதுதான் தீர்ப்பின் சாரம். இங்கிலாந்தில் 2020இலிருந்து அரசு மருத்துவச் சேவைக்கு ஒரு விதி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத சிகிச்சையாக இருந்தால், ஊழியரை இனவெறியோடு நடத்துகிற நோயாளிக்கு அதைத் தர மறுக்கலாம்.

நமக்கு அந்த இங்கிலாந்து விதி அப்படியே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிகிச்சை மறுப்பு என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கத்தியவாரில் செத்துப்போன பெண் நம் பெண். நம் கையால் யாருக்கும் மருத்துவம் மறுக்கப்பட வேண்டாம். ஆனால் அமெரிக்கத் தீர்ப்பு காட்டுகிற இடம் முக்கியமானது. கேள்வியை அது நோயாளியிடமிருந்து எடுத்து நிர்வாகத்தின் மேசையில் வைக்கிறது. அந்தக் கிழவி எந்தக் காலத்துக் கிழவியோ. அவளைத் திருத்த ஆஸ்பத்திரியால் முடியாமல் போகலாம். டூட்டி லிஸ்ட் எழுதுகிறவர் அரசு ஊழியர். அவர் பேனாவுக்கு அரசியல் சட்டம் பொருந்தும், பதினேழாவது பிரிவு பொருந்தும்.

நோயாளி பாவம், வலியில் இருக்கிறான், அந்த நேரத்தில் பாடம் நடத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். வலியில் புரள்கிறவன் எந்தக் கை வந்தாலும் பிடித்துக்கொள்கிறான். சின்னம்மா வாந்தி அள்ளிய ராத்திரி அதற்குச் சாட்சி. 'ஊரா, காலனியா' என்று விசாரிக்கிற அளவுக்குத் தெம்பு வந்த பிறகுதான் சாதி எழுந்து உட்காருகிறது. புத்தி தடுமாறிய நோயாளி, ஜன்னியில் பிதற்றுகிறவர் கதை வேறு. அவர்களோடு வழக்காட வேண்டியதில்லை. அதற்காக நர்ஸின் பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியவை எளிமையானவை. இங்கே சாதி பார்த்து ஊழியரை மாற்றித் தர மாட்டோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பெண் நோயாளி பெண் டாக்டரைக் கேட்கலாம், பெண் நர்ஸைக் கேட்கலாம், அந்த உரிமை அப்படியே இருக்கட்டும். சாதி கேட்டு மறுத்தால், 'இவங்கதான் உங்க சிஸ்டர், இவங்கதான் ஊசி போடுவாங்க' என்று டாக்டரும் ஹெட் நர்ஸும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரைத் தனியாக வாதாட விடக் கூடாது. நடந்தது தேதியோடு நோட்டில் ஏற வேண்டும். அந்த இடத்தில் நிற்பதா, விலகிக்கொள்வதா என்பதை அந்த ஊழியரே முடிவு செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் 'அன்பாக' முடிவு செய்யக் கூடாது. நோயாளியை வாடிக்கையாளராகப் பார்க்கிற தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இதே விதி வேண்டும். அங்கே பணம் கட்டுகிறவரின் மூஞ்சி சுளித்தாலே ஆள் மாறிவிடுகிறார்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய நம் பண்டிதர் சித்த வைத்தியரும்கூட. எல்லாச் சாதிச் சனமும் அங்கே வரிசையில் நிற்கிறது. சாதிப் பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி வந்து 120 வருஷம் கழித்து நம்மவர் பெயரில் ஒன்று வந்தது. பெயர்ப் பலகைகள் மாறியிருக்கின்றன, சந்தோஷம். டூட்டி லிஸ்ட்டுகளை இன்னும் யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

நர்ஸாக, ஆயாவாக, லேப்பில் ரத்தம் எடுப்பவராக, டாக்டராக வேலை பார்த்த, பார்க்கிற நம் சனங்கள் தங்களுக்கு நடந்ததை இந்தப் பக்கங்களுக்கு எழுத வேண்டும். ஊர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் போட வேண்டாம் என்றால் போட வேண்டாம். எழுத நேரமில்லை, எழுத வராது என்றால் சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். எந்த வருஷம், எந்த வார்டு, என்ன கேட்டார்கள், யார் உங்கள் பெயரை மாற்றி எழுதினார்கள் என்பது மட்டும் விட்டுப்போக வேண்டாம்.